சீன மூலிகையும் கொலஸ்டிராலும்

(ஓசூர் சிப்காட்டை அடுத்த தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் ஞாயிறு மாலை நடந்த கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்று நான் பேசுவதாக நோட்டீசில் போட்டிருந்த விஷயம் வேறு. ஆனால் மேடையில் வந்து உட்கார்ந்தவுடன் ஒரு சீட்டு என் கைக்கு வந்தது. நமது கூட்டங்களில் சாதாரணமாக வரும் சீட்டுகள் "கடவுள் இல்லையென்றால் மழை எப்படிப் பெய்கிறது?" என்கிற தினுசில் இருக்கும். அதற்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி நமக்கும் பழகிப் போய்விட்டது. இந்தச் சீட்டு அப்படிப்பட்டதல்ல. ஒரு அம்மையார் எழுதியிருக்கிறார்கள். பேர் போடவில்லை, போட்டிருந்தாலும் நான் படிக்க மாட்டேன். சங்கதி இதுதான்.

அந்த அம்மையாரின் வீட்டுக்காரர் இங்கே ஒரு தொழிற்சாலையில் லேத்து ஓட்டுகிறவர். வயது 46. போன வருஷம் நெஞ்சு வலி கண்டு, பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். தினமும் சாப்பிடவென்று ஐந்து தினுசு மாத்திரைகள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது இரண்டு மாதமாக அதில் கொலஸ்டிரால் மாத்திரையை மட்டும் அவர் நிறுத்திவிட்டார். கூட ஷிப்டு பார்க்கிற ஒருவர், "அது இங்கிலீஷ் மருந்து, ஈரலைத் தின்றுவிடும், இது சீனாவில் ஆயிரம் வருஷமாகச் சாப்பிடுகிற மூலிகை, பக்க விளைவே கிடையாது" என்று சொல்லி, டப்பா ஒன்று 2,400 ரூபாய் வீதம் விற்றிருக்கிறார். டப்பாவின்மேல் சிவப்பரிசி படம் இருக்கிறதாம். ஒரு மாதம் சாப்பிட்டு இரத்தம் சோதித்ததில் கொலஸ்டிரால் இறங்கித்தான் இருக்கிறது. ஆனால் பத்து நாளாகத் தொடை இரண்டும் அடித்துப் போட்டது போல் வலிக்கிறது என்கிறாராம். "இதை நம்பலாமா, குப்பையில் போடட்டுமா? நீங்கள் சொன்னால் அவர் கேட்பார்" என்று முடித்திருக்கிறார்கள்.

நான் டாக்டர் அல்ல. அந்த அம்மையார் என்னை நம்புவது எனக்குப் பெருமையாயிருந்தாலும், நான் சொன்னேன் என்பதற்காக ஒருவர் ஒரு மருந்தைத் தின்பதும் தின்னாமல் விடுவதும், சாமியார் சொன்னார் என்று திருநீற்றைத் தின்பதற்கு அதிக வித்தியாசம் உடையதல்ல. ஆகவே எனக்குத் தெரிந்ததை, அது எப்படித் தெரிந்தது என்பதோடு சேர்த்துச் சொல்லுகிறேன். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக் கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட கேள்விக்கு நம்மில் பலர் சட்டென்று ஒரு பதில் வைத்திருப்பார்கள். "சீன மூலிகையாவது, மண்ணாவது! எல்லாம் மூடநம்பிக்கை, தூக்கிப் போடு!" என்பார்கள். அப்படிச் சொல்லிக் கைதட்டு வாங்கிக் கொண்டு போவது எனக்கும் சுலபம். ஆனால் இரத்தச் சோதனையில் இறங்கியிருக்கிறது என்று அந்த அம்மையார் எழுதியிருக்கிறார்களே, அதற்கு என்ன சமாதானம்? கண்ணுக்கு முன்னால் இருக்கிற ஒரு காரியத்தை, நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக இல்லையென்று சொல்லுகிறவன் பகுத்தறிவுவாதியாயிருக்க முடியாது. இறங்கினது உண்மை. தொடை வலிப்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைக்கும் காரணம் ஒன்றாக இருக்கக்கூடும் என்பதுதான் இன்றையப் பேச்சு.

முதலில் கொலஸ்டிரால் என்றால் என்ன? பலர் அதை எண்ணெயிலிருந்து உடம்புக்குள் வந்து சேரும் ஒரு விஷம் என்று நினைக்கிறார்கள். அது விஷமல்ல. மெழுகு போன்ற ஒரு பொருள். அது இல்லாவிட்டால் உடம்பில் ஒரு செல்லுக்குச் சுவர் கிடையாது, பித்தநீர் கிடையாது, ஆண் தன்மை, பெண் தன்மை கொடுக்கிற சுரப்புநீர்களும் கிடையாது. அதில் பெரும்பாகத்தை உடம்பே, முக்கியமாக ஈரலே, செய்து கொள்ளுகிறது. அளவுக்கு மேல் இரத்தத்தில் மிதந்தால், அதிலும் எல்.டி.எல். என்கிற வகை மிதந்தால், வருஷக்கணக்கில் இருதயக் குழாயின் சுவரில் படிந்து வழியை அடைக்கிறது. கடையில் எண்ணெய்ப் பாக்கெட்டின்மேல் "கொலஸ்டிரால் இல்லாதது" என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். கடலை, எள், தேங்காய் முதலிய எந்தச் செடி எண்ணெயிலும் கொலஸ்டிரால் இருப்பதே இல்லை. எலும்பில்லாத கத்தரிக்காய் என்று கூவி விற்பதற்கும் இதற்கும் பேதமில்லை. அது நிற்க.

இந்தப் பொருளுக்குப் பேர் வைத்து உலகம் அறியச் செய்தவர் செவ்ரூல் என்ற பிரெஞ்சுக்காரர். பித்தப்பைக் கல்லில் கிடைத்ததைக் கொண்டு 19-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில்தான் அவர் பேர் வைத்தார். அது இரத்தக் குழாயை அடைக்கும் என்று தெரிந்தது அதற்கும் வெகுகாலம் பின்னால். இதை ஞாபகத்தில் வைத்துக் கொண்டு, டப்பாக்காரர் சொல்லும் ஆயிரம் வருஷத்துச் சமாசாரத்தைக் கவனியுங்கள்.

டப்பாவில் இருப்பது மூலிகை என்கிறார்கள். சரியாகச் சொன்னால் அது இலையுமல்ல, வேருமல்ல. நாம் சாப்பிடும் சாதாரண அரிசிதான். அதை வேகவைத்து ஆறவைத்து, மொனாஸ்கஸ் என்கிற ஒருவிதப் பூஞ்சைக் காளானைத் தூவி, புழுக்கமான இடத்தில் நாள்கணக்கில் வைத்தால் அரிசி இரத்தச் சிவப்பாக மாறுகிறது. சீனர்கள் அதை ஹொங் ச்சூ என்கிறார்கள். ஜப்பானியர் பெனி-கோஜி என்கிறார்கள். நம் வீட்டில் இட்லிமாவு புளிப்பது எப்படி ஒரு கிருமியின் வேலையோ, அப்படியே இதுவும் ஒரு காளானின் வேலை. பன்றி இறைச்சிக்கும் வாத்துக்கும் சிவப்பேற்றவும், சாராயம் காய்ச்சவும் அவர்கள் இதை நெடுங்காலமாக உபயோகித்து வந்திருக்கிறார்கள். லீ ஷிச்சென் என்ற சீன வைத்தியர் 1578-ல் எழுதி முடித்த பெரிய மருந்து நூலிலும் இது இருக்கிறது. எதற்கு நல்லதென்று? ஜீரணத்துக்கும், இரத்த ஓட்டத்துக்கும். கொலஸ்டிராலுக்கு என்று அவர் எழுதவில்லை, எழுதவும் முடியாது. பேரே வைக்கப்படாத ஒன்றுக்கு அவர் எப்படி மருந்து சொல்லுவார்? அவர் மகா உழைப்பாளி, சந்தேகமில்லை. தன் காலத்தில் தெரிந்ததைத் தேடித் தேடி எழுதினவர். அவர் சொல்லாததை அவர் தலையில் கட்டி, அவர் தாடியைக் காட்டி வியாபாரம் செய்கிறவர்கள் இக்காலத்து ஆட்கள். நம்மூரில் சித்தர் பேரிலும் ரிஷி பேரிலும் நடப்பது சீனத்திலும் நடக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் சிவப்பரிசிக்குள் கொலஸ்டிராலைக் குறைக்கிற சரக்கு இருப்பதை யார் கண்டுபிடித்தார்கள்? அது ஒரு சுவையான கதை.

குடியானவர் வீட்டுப் பிள்ளை

அகிரா எண்டோ என்று ஒருவர். 1933-ல் ஜப்பானின் வடபாகத்தில் குடியானவர் குடும்பத்தில் பிறந்தவர், 2024-ல் காலமானார். சிறுவயதிலேயே காளான்களின்மேல் பித்து. காளானிலிருந்து பென்சிலின் கண்டவர் பிளெமிங் அல்லவா? அவருடைய கதையைப் படித்து மேலும் பித்தாகிவிட்டார். பிறகு சான்கியோ என்ற மருந்துக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவர் தமக்குள் ஒரு கேள்வி போட்டுக் கொண்டார். காளான்கள் தங்களைத் தின்ன வரும் கிருமிகளோடு ஓயாமல் சண்டை போடுகின்றன. அந்தக் கிருமிகளில் சிலவற்றுக்கு உயிர் வாழக் கொலஸ்டிரால் போன்ற பொருள் வேண்டும். அதை அவை செய்ய முடியாமல் தடுக்கிற சரக்கை ஏதாவது ஒரு காளான் வைத்திருக்காதா? இருந்தால் அது மனுஷன் ஈரலிலும் அதே வேலையைச் செய்யாதா?

கேள்வி போட்டுக் கொள்வது யாருக்கும் சுலபம். அவர் செய்தது என்னவென்றால், 1971 முதல் இரண்டு வருஷம், சுமார் 6,000 காளான், நுண்ணுயிர் வகைகளை ஒவ்வொன்றாக வளர்த்துச் சாறெடுத்துச் சோதித்தார். ஆறாயிரத்தில் ஒன்று அகப்பட்டது. கியோட்டோ நகரத்தில் ஒரு தானியக் கடை அரிசியில் பிடித்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சை அது. 1973-ல் அதிலிருந்து அவர் பிரித்தெடுத்ததுதான் இன்று ஸ்டாட்டின் என்கிற மருந்துக் குலத்துக்கே மூத்தது. எலிக்குக் கொடுத்தார்கள், ஒன்றும் குறையவில்லை. கம்பெனியார் மூட்டை கட்டு என்று சொல்லும் நிலைமை. பிறகு முட்டையிடும் கோழிக்குக் கொடுத்துப் பார்த்தால் கொலஸ்டிரால் கிட்டத்தட்டப் பாதியாக இறங்கிற்று. எலியின் உடம்பு வேறு விதமாக ஈடுகட்டிக் கொண்டது என்பது பின்னால் தெரிந்தது. எலியோடு நிறுத்தியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

அதே சமயத்தில் அமெரிக்காவில் மெர்க் கம்பெனியார் 1978-ல் அஸ்பெர்ஜில்லஸ் என்ற மற்றொரு மண் காளானிலிருந்து அதே குலத்து மருந்தைக் கண்டார்கள். அதுதான் லோவாஸ்டாட்டின். 1987-ல் அமெரிக்க சர்க்கார் அதை விற்க அனுமதித்தது. ஸ்டாட்டின்களில் முதல் முதல் கடைக்கு வந்தது அதுவே. இதற்குள் எண்டோ கம்பெனியை விட்டுக் கல்லூரி ஆசிரியரானார். அங்கே 1979-ல் அவர் சிவப்பரிசியை உண்டாக்குகிற மொனாஸ்கஸ் காளானை ஆராய்ந்தார். அதிலும் ஒரு சரக்கு கிடைத்தது. மொனாகோலின்-கே என்று பேரிட்டார். பிறகு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அமெரிக்காக்காரனின் லோவாஸ்டாட்டினும், சிவப்பரிசியின் மொனாகோலின்-கேயும் இரண்டல்ல, ஒன்றே என்று தெரிந்தது. ஒன்றைப் போல மற்றொன்று என்பதல்ல. அணுவுக்கு அணு அதே பொருள்.

தோழர்களே! இப்போது அந்த அம்மையாரின் சீட்டை மறுபடி படியுங்கள். "இங்கிலீஷ் மாத்திரை வேண்டாம்" என்று நிறுத்திவிட்டு, அதே குலத்து மாத்திரையைச் சிவப்பு வர்ணம் பூசி, பேர் மாற்றி, பல மடங்கு விலை கொடுத்து அவர் சாப்பிட்டிருக்கிறார்! கொலஸ்டிரால் இறங்காமல் என்ன செய்யும்? ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குத் தசைவலி வருவது டாக்டர்கள் அறிந்த விஷயம். அபூர்வமாகத் தசையே சிதைந்து, சிறுநீர் கருத்து, சிறுநீரகம் கெடுவதும் உண்டு. சிவப்பரிசி தின்றாலும் அதே தசைவலி வரலாம். பக்க விளைவே கிடையாது என்றால் வேலையும் செய்யாது என்று அர்த்தம். வேலை செய்கிறது என்றால் பக்க விளைவுக்கும் இடமுண்டு என்று அர்த்தம். விற்பவர் இரண்டில் ஒன்றைத்தான் சொல்லலாம். அவர் இரண்டையும் சொல்லி இரண்டுக்கும் காசு வாங்கிக் கொள்ளுகிறார்.

"சரி, ஒன்றே என்கிறீர், அப்படியானால் அரிசியாகவே தின்றுவிட்டுப் போகட்டுமே, உமக்கென்ன?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சீனத்திலேயே இதைப் பரீட்சித்தும் பார்த்திருக்கிறார்கள். ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்த 4,870 பேரை எடுத்து, பாதிப்பேருக்கு ஷுவேசிகாங் என்கிற, அளவு கட்டித் தயாரித்த சிவப்பரிசிச் சத்தையும், மற்ற பாதிக்கு வெறும் மாத்திரையையும் கொடுத்து, சராசரி நாலரை வருஷம் கவனித்தார்கள். மறுபடி மாரடைப்போ இருதயச் சாவோ நேர்ந்தது வெறும் மாத்திரைக்காரரில் நூற்றுக்கு 10.4 பேருக்கு, சத்து சாப்பிட்டவர்களில் 5.7 பேருக்கு. 2008-ல் வெளியிட்டார்கள். இதை நான் மறைக்கவில்லை. ஆனால் "அளவு கட்டித் தயாரித்த" என்ற சொல்லைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். பிழைப்பும் மோசமும் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

நூறு மடங்குப் பிசகு

நீங்களெல்லாம் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள். லேலண்டுக்கோ டி.வி.எஸ்.ஸுக்கோ போகிற ஒரு சாமானை வெர்னியர் வைத்து அளக்கிறீர்கள். மயிரிழை கூடக் குறைய இருந்தால் "ரிஜெக்ட்" என்று தொட்டியில் எறிகிறீர்கள். லாரிக்குள் போகிற இரும்புக்கு இவ்வளவு கண்டிப்பு. உங்கள் வயிற்றுக்குள் போகிற டப்பாவை யார் அளந்தார்கள்? 2010-ல் அமெரிக்காவில் சில டாக்டர்கள், கடையில் விற்கிற 12 கம்பெனிகளின் சிவப்பரிசிக் குளிகைகளை வாங்கிச் சோதித்தார்கள். ஒரு குளிகையில் மொனாகோலின்-கே குறைந்தது 0.1 மில்லிகிராம், அதிகம் 10 மில்லிகிராம். நூறு மடங்கு வித்தியாசம்! ஒரே மாதிரி டப்பா, ஒரே மாதிரி படம். ஒருவன் தின்றால் அது மருந்தே அல்ல, வெறும் சோறு; மற்றொருவன் தின்றால் முழு மருந்து. தவிர, 12-ல் நாலில் சிட்ரினின் என்கிற, சிறுநீரகத்தைக் கெடுக்கிற காளான் விஷமும் இருந்தது. காளானுக்கு நம்மேல் பட்சமும் கிடையாது, விரோதமும் கிடையாது. மருந்தையும் செய்யும், விஷத்தையும் செய்யும். இரண்டையும் பிரிக்க வேண்டியது மனுஷன் வேலை.

அந்த வேலையில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2024 மார்ச்சு மாதம் ஜப்பானில், கொபயாஷி என்கிற பெரிய மருந்துக் கம்பெனியார் கொலஸ்டிராலுக்கென்று விற்ற சிவப்பரிசி மாத்திரைகளைத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். பல சாவுகளைப் பற்றி விசாரணை நடந்தது. சர்க்கார் துருவிப் பார்த்ததில், தொழிற்சாலையில் வேறொரு நீலப் பூஞ்சை புகுந்து பியூபெருலிக் அமிலம் என்கிற விஷத்தை உண்டாக்கியிருந்தது தெரிந்தது. ஜப்பான் கட்டுப்பாட்டுக்குப் பேர் போன தேசம். அங்கேயே அப்படி. ஊர் பேர் சரியாகத் தெரியாத இடத்தில் அடைத்து, ஷிப்டு முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் கைமாறுகிற டப்பாவுக்கு யார் ஜவாப்தாரி? ஜப்பானில் கெட்ட மாத்திரை எது என்று மாதக்கணக்கிலாவது தெரிந்தது. இங்கே ஒருவர் சிறுநீரகம் கெட்டுச் செத்தால் "விதி முடிந்தது" என்று எடுத்துக் கொண்டு போய்விடுவோம்.

மற்ற சர்க்கார்கள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் கொலஸ்டின் என்ற பேரில் விற்ற சிவப்பரிசிக் குளிகையை, "இது ஆகாரமல்ல, மருந்து" என்று 1998-ல் மருந்து இலாகா தீர்ப்புச் செய்து, வழக்கு கோர்ட்டுகளில் நடந்தது. ஐரோப்பியக் கூட்டுநாடுகள் 2022-ல், ஒரு நாளைக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாகத்தான் இந்தச் சத்து உள்ளே போகலாம் என்றும், டப்பாமேல் எச்சரிக்கை போட வேண்டும் என்றும் சட்டம் செய்தன. நம் தேசத்திலும் 1954-ம் வருஷத்து மந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டம் ஒன்று இருக்கிறது. இருதய நோய், நீரிழிவு, இரத்தக் குழாய் தடிப்பு முதலான பல நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே அதன்படி குற்றம். சட்டம் புத்தகத்தில் சுகமாகத் தூங்குகிறது; விளம்பரம் ஊரெல்லாம் விழித்துக் கொண்டிருக்கிறது.

சீனனைப் பற்றி மட்டும் பேசினால் சிலருக்குச் சந்தோஷமாயிருக்கும். "பார்த்தாயா, நம் நாட்டு மருந்தே மருந்து" என்பார்கள். அதையும் பார்த்துவிடுவோம். குக்குலு என்று ஒரு பிசின். நாட்டு மருந்துக் கடையில் மைசாட்சிக் குங்கிலியம் என்பார்கள். ராஜஸ்தானத்து, குஜராத்துப் பாலைவனச் செடியில் எடுப்பது. காசி இந்து சர்வகலாசாலையில் சத்தியவதி என்ற அம்மையார், பழைய சுசுருத சம்ஹிதையில் உடல் பருமனைப் பற்றிச் சொல்லியிருப்பதைக் கொண்டு இதை முயலுக்குக் கொடுத்து ஆராய்ந்து 1966-ல் பட்டம் பெற்றார். யோக்கியமான ஆராய்ச்சி. பிறகு லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் வளர்த்து, 1980-களின் கடைசியில் கொலஸ்டிரால் மருந்தாகவே கடைக்கு வந்தது. எல்லோரும் மார்தட்டினோம். 2003-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா சர்வகலாசாலையில் 103 பேருக்கு எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். கெட்ட கொலஸ்டிரால் குறையவில்லை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நூற்றுக்கு 5 பங்கு குறைந்தது. குக்குலு சாப்பிட்டவர்களுக்கு நூற்றுக்கு 4, 5 பங்கு ஏறிற்று! சிலருக்கு உடம்பில் தடிப்பும் வந்தது. இந்தத் தேவை நிமித்தம் கீறிக் கீறிச் செடி அழிந்து போகிற நிலைமைக்கு வந்து, அழியும் இனங்களின் பட்டியலில் ஏறிவிட்டது. செடியும் போயிற்று, கொலஸ்டிராலும் இறங்கவில்லை.

ஆக சீனனுடைய அரிசியில் மருந்து இருந்தது. நம்முடைய பிசினில் நினைத்த அளவு இல்லை. இதில் சீனனுக்குப் பெருமையும் இல்லை, நமக்கு அவமானமும் இல்லை. மரமஞ்சளில் இருக்கிற பெர்பெரின் என்ற கசப்புச் சத்து சீனத்து ஹுவாங்லியன் வேரிலும் இருக்கிறது. அதுவும் கொலஸ்டிராலைக் குறைக்கிறதென்று 2004-ல் சீனர்கள் கண்டு எழுதினார்கள். அதற்கும் ஸ்டாட்டின் போலப் பெரிய நெடுநாள் பரீட்சை வேண்டும். பரீட்சை என்றால் எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்லுகிறேன். ஸ்காண்டிநேவிய தேசங்களில் 4,444 இருதய நோயாளிகளை ஐந்து வருஷத்துக்கு மேல் கவனித்து, 1994-ல் வெளியிட்டார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்ட 2,223 பேரில் 256 பேர் இறந்தார்கள். சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்ட 2,221 பேரில் இறந்தவர்கள் 182. லோவாஸ்டாட்டினில் சிறிது மாற்றம் செய்ததுதான் சிம்வாஸ்டாட்டின். செத்தவர்களை எண்ணிக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். டப்பாக்காரரிடம் இருப்பது, "எங்கள் மாமாவுக்குக் குணமாயிற்று" என்கிற ஒரு கணக்குத்தான்.

ஓசூர்க்காரர்களுக்கு இன்னொரு வேடிக்கை. நீங்கள் அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூர் போகும்போது எலக்ட்ரானிக் சிட்டி வருகிறதல்லவா? அதே ஓசூர் ரோடில் பயோகான் கம்பெனி இருக்கிறது. காளானை வளர்த்து லோவாஸ்டாட்டின் எடுத்து, 2001-ல் அமெரிக்க மருந்து இலாகாவின் சம்மதம் வாங்கினவர்கள் அவர்கள். சீனத்திலிருந்து கப்பலேறி வந்ததாகச் சொல்லுகிற ரகசியம், தினமும் நீங்கள் பஸ்ஸில் தாண்டிப் போகிற கட்டிடத்தில் தொட்டி தொட்டியாக, நிறுத்து, அளந்து செய்யப்பட்டிருக்கிறது!

இவ்வளவும் சொன்னதால் டாக்டர்கள் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. ஜனங்கள் ஏன் டப்பாக்காரரிடம் போகிறார்கள்? அவர் அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணா, உடம்பு எப்படி?" என்று கேட்கிறார். ஆஸ்பத்திரியில் இரண்டு லட்சம் வாங்கினவர்கள் இரண்டு நிமிஷம் பேசுவதில்லை. ஐந்து மாத்திரை எதற்கு, எது எத்தனை நாள், தொடை வலித்தால் என்ன செய்வது என்று தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ சொல்லியிருந்தால், அந்தத் தோழர் இரண்டு மாதத்துக்கு முன்பே திரும்பிப் போய்க் கேட்டிருப்பார். சொல்லாமல் விட்ட இடத்தில்தான் டப்பா நுழைகிறது.

நிற்க. அந்த அம்மையாருக்குப் பதில் சொல்லி முடித்துக் கொள்ளுகிறேன். டப்பாவைக் குப்பையில் போட வேண்டாம். டப்பா, ஆஸ்பத்திரிச் சீட்டு, இரத்தச் சோதனைக் காகிதம் மூன்றையும் ஒரு பையில் போட்டு, வீட்டுக்காரரைக் கூட்டிக் கொண்டு நாளைக் காலையிலேயே டாக்டரிடம் போங்கள். கூச்சப்படாமல் டப்பாவை மேஜைமேல் வையுங்கள். தசை கெட்டிருக்கிறதா என்று பார்க்க சி.கே. என்கிற இரத்தச் சோதனை இருக்கிறது. சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர் தேத்தண்ணீர் போல் கருத்திருந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம், இன்றிரவே போங்கள். அதுவரை குளிகையை நிறுத்துங்கள். பயத்தில் பழைய மாத்திரையையும் குளிகையையும் சேர்த்து விழுங்கிவிடக் கூடாது. அது இரட்டைப் பங்கு மருந்தாகிவிடும். ஸ்டென்ட் வைத்தவருக்கு இரத்தம் கட்டாமலிருக்கக் கொடுத்திருக்கிற மற்ற மாத்திரைகளை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. கொலஸ்டிரால் மாத்திரையை அளவு குறைப்பதா, வேறு மாற்றுவதா என்று டாக்டர் சொல்லட்டும். வலி வந்தவர்களுக்கு அப்படி மாற்றிக் கொடுக்க வழி இருக்கிறது.

செலவுக்குப் பயந்து நிறுத்தினாரென்றால் அதற்கும் அவசியமில்லை. இதே ஜில்லாவில், சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்கிற திட்டத்தை ஆரம்பித்தார்கள். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2023-ல் ஆரம்பித்த இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சு வலியென்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடி வருகிறவருக்கு உடனே கொடுக்கிற 14 மாத்திரைகளில் எட்டு அட்டோர்வாஸ்டாட்டின், அதாவது எண்டோ தேடிய அதே குலம். காசில்லாமல் கொடுக்கிறார்கள். 2,400 ரூபாய் மிச்சம்.

டப்பா விற்ற தோழரும் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். அவரும் ஒரு தொழிலாளிதான். மேலே இருக்கிறவன் ஆசைகாட்டி அவர் தலையில் பத்து டப்பாவைக் கட்டியிருப்பான். அவரை யாரும் அடிக்கப் போக வேண்டாம். யார் யாருக்கு விற்றார் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். அந்த வீடுகளுக்கு நாளைக்கே ஆள் அனுப்பச் செயலாளர் தோழர் ஒப்புக் கொண்டிருக்கிறார். சீட்டு எழுதிய அம்மையார் விரும்பினால் மேடைக்குப் பின்புறம் வரலாம். கிருஷ்ணகிரி போகிற கடைசி பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி இருக்கிறது, அதுவரை நான் இங்கேதான் இருப்பேன்.